ஷட்டவுனே நல்ல வகுப்பு

கேள்வி: தொழிற்சாலையில் மெக்கானிக்கல் சூப்பர்வைசராக இருக்கிறேன். இந்த முறை பாய்லர் ஷட்டவுன் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் படிப்பில் சேர்ந்துவிடட்டுமா?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: சேருங்கள், ஆனால் ஷட்டவுன் முடிந்த பிறகு. அந்தப் படிப்பில் கற்றுத்தரும் கிரிட்டிக்கல் பாத் முறையே உங்களைப் போன்றவர்களுக்காகப் பிறந்ததுதான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்துக்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் அதை உருவாக்கினார்கள். ரசாயன ஆலைகளின் கட்டுமானத்துக்கும் பராமரிப்பு ஷட்டவுனுக்கும்தான் முதலில் பயன்பட்டது.

ஒரு தாள் எடுங்கள். வேலைகளை எழுதி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று அம்புக்குறி போடுங்கள். பாய்லர் ஆற ஒரு நாள், திறந்து சுத்தம் செய்ய இரண்டு, டியூப் மாற்ற நான்கு, ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எட்டு நாள். இந்த நீளமான வரிசைதான் கிரிட்டிக்கல் பாத். ஃபீட் பம்பைப் பிரித்துப் பார்க்கும் மூன்று நாள் வேலை அதற்குள்ளேயே அடங்கிவிடும். அது ஒரு நாள் தள்ளிப்போனாலும் குடி முழுகாது. டியூப் வேலை தள்ளிப்போனால் ஆலை திறப்பதும் தள்ளிப்போகும். ஆகவே நல்ல வெல்டரைப் பம்புப் பக்கம் அனுப்பாதீர்கள்.

தாளில் பலர் எழுத மறப்பது கொள்முதலை. டியூப் வந்து சேராமல் பாய்லரைத் திறந்து என்ன பயன்? வேலை அனுமதிச் சீட்டு, ஆய்வாளர் வரும் தேதி ஆகியவையும் வேலைகளே. (மேலதிகாரி “ஆறு நாளில் முடியாதா?” என்பார். தாளைக் காட்டுங்கள்.)

பிறகு என்பிடெல் இணைய வகுப்புகளை இலவசமாகப் பாருங்கள். தேர்வுக்கு மட்டுமே கட்டணம். மென்பொருளுக்கு இப்போது அவசரமில்லை, எக்செல் போதும்.