போனைப் பிடுங்கிட்டு ஓடினால்: ஐபோனும் ஆண்ட்ராய்டும்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்கு முண்டியடிக்கும்போது போன் பறிபோனால், நஷ்டம் போன் விலையோடு நிற்காது. ஆதார், வங்கி என்று எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வருது. ஐபோனா, கேலக்ஸியா என்று கேமராவை மட்டும் ஒப்பிட்டால் போதாது; திருட்டை எது எப்படிச் சமாளிக்கிறது என்றும் பார்க்கணும்.

ஆண்ட்ராய்டு 2024-ல் கொண்டுவந்த வசதி, பறிக்கிற அந்த நொடியையே குறிவைக்கிறது. திறந்திருக்கும் போனை ஒருவர் வெடுக்கென்று பிடுங்கி ஓடினால், அந்த அசைவை உணர்ந்து திரை தானே பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிந்தைய பெரும்பாலான போன்களில் கிடைக்கும். ஆனால் சட்டைப்பையிலிருந்து நைசாக எடுத்தால் இது உதவாது. செட்டிங்ஸில் 'தெஃப்ட் புரொடெக்ஷன்' என்று தேடி ஆன் செய்யுங்கள். அங்கேயே 'ரிமோட் லாக்' வசதியையும் ஆன் செய்துவைத்தால், வேறொருவர் போனிலிருந்து உங்கள் நம்பரைப் போட்டே பூட்டலாம்.

ஐபோன் வழி வேறு. திருடனுக்கு உங்கள் பாஸ்கோடு தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அதன் கவலை. ஐ.ஓ.எஸ். 17.3-ல் வந்த 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்' ஆனில் இருந்தால், வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடத்துக்கு வெளியே சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்க்க முகமோ விரல்ரேகையோ கட்டாயம். ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருக்கணும். அதற்குள் நீங்கள் போனைத் தொலைந்ததாக அறிவித்துவிடலாம். இதே மாதிரி பாதுகாப்பு 2025-ல் கேலக்ஸி எஸ்25-க்கும் வந்துவிட்டது.

இரண்டிலும் பலர் கவனிக்காத பழைய வசதி ஒன்று உண்டு: சிம் பின். என்னைக் கேட்டால் நமக்கு இதுதான் முதலில் தேவை. போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே போய்விடும், பின் வைத்திருந்தால் போகாது. முதல் பின் எண்ணை சிம் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் முடங்கிவிடும்.

போன் போயே போச்சா? உடனே சிம்மை முடக்கச் சொல்லுங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930-ஐ அழையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே நம்பரில் புது சிம் வாங்கி, சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலுடன் போனை முடக்கலாம். அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண் வேணும். இப்பவே *#06# அழுத்தி எழுதி வையுங்கள். இரண்டு சிம் போன் என்றால் எண்ணும் இரண்டு இருக்கும்.