ஆவன செய்யப்படும்

அன்புள்ள கயல்விழி,

பட்டா மாறுதல் மனுவுக்குப் பதில் வந்துவிட்டதென்று மகிழ்ந்து எழுதியிருக்கிறாய். 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்படுகிறது' என்ற வரியை விட்டுவிட்டு, பெறுநர் யாரென்று பார். வட்டாட்சியர். உன் பெயர் கடைசியில், 'நகல்' என்பதற்குக் கீழே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனு, நீ எந்த அலுவலகத்தின்மேல் குறை சொன்னாயோ அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. இதுவரை நடந்தது அவ்வளவுதான்.

அலுவலகத் தமிழுக்குச் செயப்பாட்டு வினைமேல் தனி ஆசை. பரிசீலிக்கப்படும், ஆவன செய்யப்படும், மேல்நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டும் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். 'பார்க்கிறேன்' என்றவரை மறுமாதம் பிடித்துக் கேட்கலாம். 'பார்க்கப்படும்' என்றால் யாரைக் கேட்பது? எழுத்தர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கில்லை, அலுவலகம் ஆளின் பெயரில் பேசாது என்பார்கள். நியாயம்தான். ஆனால் பதவியின் பெயரையாவது சொல்லலாமே! உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் அளந்த பிறகு வட்டாட்சியர் உத்தரவிட வேண்டும். இல்லையென்றால் மண்டலத் துணை வட்டாட்சியரே போதும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். கடிதத்தில் மட்டும் வராது.

ஆகவே கோபித்து எழுதாதே. விடுபட்டுப்போன ஆளையும் தேதியையும் கேட்டு எழுது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பு. 'ஏன் தாமதம்?' என்று கேட்டால், ஆவணத்தில் உள்ளதைத்தான் தர முடியும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 'தங்கள் கடிதத்தில் உள்ள ந.க. எண்ணுக்குரிய கோப்பு எந்தெந்தத் தேதியில் யார் யாரிடம் இருந்தது? அலுவலகக் குறிப்பின் நகல் தருக' என்று கேள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கேட்டால் எரிச்சல்பட்டு இன்னும் இழுத்தடிப்பார்களே என்று தயங்குவாய். வாயால் கேட்டால் அப்படி நடக்கலாம். எழுதிக் கேட்டதற்குக் கெடு உண்டு. காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை பொதுத் தகவல் அலுவலர்மீதே அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

இந்த வாரமே எழுதி அனுப்பு. நகல் ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா