தாய்நாட்டில் என்ன கஷ்டம்?

கேள்வி: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரியப்பா குடும்பம் பசறையிலிருந்து இந்தியா போனது. தாய்நாட்டுக்குத்தானே போனார்கள், அங்கே என்ன கஷ்டம்? (வாசகர், பதுளை)

பதில்: தாய்நாடு பாட்டனுக்கு. பசறை லயத்தில் பிறந்தவருக்கு அது வெளிநாடுதான். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என ஒதுக்கியது. பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்களில் பலருக்குத் தேயிலையைத் தவிர வேறு தொழில் தெரியாது. சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து பறித்த கைக்குத் தராசு பிடிக்க வருமா? பலர் நீலகிரிக்கு ஏறிவிட்டார்கள். அங்கே இவர்களுக்காகவே தொடங்கிய டேன்டீ அரசுத் தோட்டங்களில் வேலையும் குளிரும் பழகியவைதான். பெரியப்பா வீட்டாரைத் தேடுவதானால் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் முதலில் விசாரியுங்கள்.