பெட்ரோல் பம்புசெட்டும் பத்து மீட்டர் விதியும்

மாணவர்களே, மழை தவறிய ஆண்டில் கோடைக் காலத்தில் கிராமத்துப் பக்கம் போனால் ஒரு காட்சியைக் காணலாம். கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். கிணற்று மேட்டில் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின் பம்புசெட் படபடவென்று ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் குழாயின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. “எஞ்சின் நல்லாத்தானே ஓடுது?” என்று ஒருவர் தலையைச் சொறிவார். “மேலே இருந்தா எப்படி ஏறும்? கீழே இறக்கி வையப்பா” என்பார் இன்னொருவர்.

இந்த இரண்டாமவரின் யோசனையில் பாதி நல்ல இயற்பியல். மறுபாதி உயிரைக் குடிக்கும் ஆபத்து. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறிஞ்சுவது யார்?

இளநீரை உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கிறீர்கள். நீரை மேலே இழுப்பது உங்கள் வாய் என்று நினைத்தால் அது தவறு. குழலில் உள்ள காற்றை மட்டுமே நீங்கள் வாயினால் குறைக்கிறீர்கள். இளநீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் நீரைக் குழலுக்குள் தள்ளுகிறது. பம்பும் இதையே செய்கிறது. அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரை மேலே தள்ளும் வேலையைக் காற்று செய்கிறது.

காற்றால் எவ்வளவு உயரம் தள்ள முடியும்? கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 1,01,300 நியூட்டன். ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் 1000 × 9.8, அதாவது 9,800 நியூட்டன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 10.3 கிடைக்கும். ஆகவே பம்புக்குள் முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும் நீர் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது. உறிஞ்சு பம்புகளில் நீர் 18 முழத்துக்கு மேல் ஏறுவதில்லை என்பதைக் கலீலியோ 1638-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். காரணத்தை விளக்கியவர் அவருடைய சீடரான டாரிசெல்லி. அவர் 1643-இல் பாதரசத்தை வைத்துச் செய்த சோதனை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. 76 சென்டிமீட்டர் பாதரசத்தை 13.6 ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 10.3 மீட்டர் வரும்.

நடைமுறையில் இந்த அளவும் கிடைப்பதில்லை. குழாயிலும் அடிவால்விலும் உராய்வினால் கொஞ்சம் இழப்பு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் நீரின் ஆவியழுத்தமே சுமார் 43 சென்டிமீட்டரைக் குறைத்துவிடும். பம்பின் வாயில் அழுத்தம் மிகவும் குறைந்தால், நீர் அங்கேயே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் உடையும்போது உள்ளே கூழாங்கற்கள் உருளுவதுபோல் சத்தம் கேட்கும். சுழலும் இறக்கைகளும் அரிக்கப்படும். எனவே நீர் மட்டத்திலிருந்து பம்பு வரையுள்ள உயரம் 7 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வளிமண்டலம் மெலிந்த மலைப்பகுதியில் இன்னும் குறைவு. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் கணக்கின்படியான எல்லையே 8 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எஞ்சினின் சக்தி இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை! 3 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு 30 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தாலும் உறிஞ்சும் உயரம் கூடாது. ஆனால் பம்புக்கு வந்துசேர்ந்த நீரை மேலே தள்ளும் உயரம் எஞ்சினையும் பம்பையும் பொறுத்தது. சிறிய பம்பும் 20, 30 மீட்டர் தள்ளும். ஆகவே பம்பு நீருக்கு அருகில் இருக்க வேண்டும் என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார்.

முதலில் தண்ணீர் ஊற்றுவது ஏன்?

பம்பை இயக்கும் முன் அதன் வயிற்றில் தண்ணீர் ஊற்றி நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். இது சடங்கு அன்று. மையவிலக்கு பம்பு தன்னுள் இருக்கும் பொருளைச் சுழற்றி வீசுகிறது. 30 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தள்ளக்கூடிய பம்பில் காற்று மட்டும் இருந்தால், அது 30 மீட்டர் உயரக் காற்றுத்தம்பத்துக்குச் சமமான அழுத்தத்தையே உண்டாக்கும். நீர் காற்றைவிட சுமார் 850 மடங்கு அடர்த்தியானது. 30 மீட்டரை 850 ஆல் வகுத்தால் மூன்றரை சென்டிமீட்டர். காற்று நிறைந்த பம்பு நீரை மூன்றரை சென்டிமீட்டர்தான் உயர்த்தும்!

உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தாலும் இதே கதிதான். அங்கே உள்ளழுத்தம் குறைவு என்பதால் நீர் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே புகும். ஒழுகல் கண்ணுக்குத் தெரியாததால் பலர் பம்பையே பழிப்பார்கள். இணைப்புகளில் ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா, கிளிப் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குழாயின் அடியில் வலைக்கூடை கட்டாயம் இருக்க வேண்டும். அது முழுவதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

நீரில்லாமல் பம்பை ஓடவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுழலும் அச்சைச் சுற்றி நீர் கசியாமல் காக்கும் சீலைக் குளிர்விப்பது அந்த நீர்தான். வறண்டு ஓடினால் சீல் சூடேறிக் கருகிவிடும்.

கிணற்றுக்குள் எஞ்சின்: ஒரு கணக்கு

இப்போது ஆபத்தான மறுபாதிக்கு வருவோம். பம்பு நீருக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினையும் சேர்த்துக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினால் என்ன ஆகும்?

4 மீட்டர் விட்டமுள்ள ஒரு கிணறு. நீர் மட்டத்துக்கு மேல் 8 மீட்டர் வெற்றிடம். அதிலுள்ள காற்றின் கனஅளவு 3.14 × 2 × 2 × 8, ஏறத்தாழ 100 கனமீட்டர். அதாவது 1,00,000 லிட்டர்.

அதில் 163 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிறிய நான்கு ஸ்டிரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று வீதம் ஓடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது காற்றை இழுக்கும். சிலிண்டர் முழுவதும் நிரம்புவதில்லை என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 235 லிட்டர் காற்றை அது இழுத்துப் புகையாக வெளிவிடுகிறது. வினையூக்கி மாற்றி இல்லாத இத்தகைய எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவீதம் இருக்கும். 4 சதவீதம் என்று கொண்டால் நிமிடத்துக்கு 9.4 லிட்டர். 15 நிமிடத்தில் 141 லிட்டர். அது கிணறு முழுவதும் ஒரே சீராகப் பரவினாலும் 0.14 சதவீதம் ஆகிவிடும்.

0.14 சதவீதம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 0.16 சதவீதத்தை எட்டிய காற்றைச் சுவாசித்தால் 20 நிமிடத்தில் தலைவலியும் மயக்கமும் வரும். 2 மணி நேரத்தில் உயிர் போகும். 0.32 சதவீதமானால் அரை மணி நேரமே போதும். நம் கணக்கின்படி அந்த அளவை எட்டுவதற்கு எஞ்சின் 35 நிமிடம் ஓடினால் போதும். புகைக்குழாயின் பக்கத்தில் குனிந்து நிற்பவருக்கு அவ்வளவு நேரமும் வேண்டாம்.

இவ்வளவு சிறிய அளவு ஏன் கொல்கிறது? இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனைவிடக் கார்பன் மோனாக்சைடுடன் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் எரிச்சலும் இல்லை. அடர்த்தியில் ஏறக்குறைய காற்றுக்குச் சமம். எனவே தானாக மேலே எழுந்து வெளியேறிவிடும் என்றும் நம்ப முடியாது. முதலில் தளர்வது கால்கள். ஏணியில் ஏற முயன்றவர் நீரில் விழுந்தால், நீச்சல் தெரிந்தும் பயன் இராது.

விளக்குச் சோதனை போதுமா?

பாழுங்கிணற்றில் இறங்கும் முன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்களின் பழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். நல்ல பழக்கந்தான். ஆனால் அது ஆக்சிஜன் குறைவைத்தான் காட்டும். நம் கணக்கில் 15 நிமிடத்தில் எஞ்சின் செலவழித்த ஆக்சிஜன் சுமார் 700 லிட்டர். கிணற்றில் இருந்ததோ 21,000 லிட்டர். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 20-க்குச் சற்று மேல் இறங்கியிருக்கும், அவ்வளவே. ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு அருகில் வந்தால்தான் சுடர் அணையும். ஆகவே விளக்கு பிரகாசமாக எரியும், மனிதன் விழுந்துவிடுவான்! நிலக்கரிச் சுரங்கங்களில் விளக்கை மட்டும் நம்பாமல் கானரிப் பறவையையும் கொண்டு சென்றதற்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் 1986 வரை அவ்வழக்கம் இருந்தது. மேலும், பெட்ரோல் ஆவி நிறைந்த கிணற்றில் விளக்கை இறக்குவது வெடிமருந்தில் தீக்குச்சி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே எஞ்சினைக் கிணற்றுக்குள் ஒருபோதும் இறக்கக் கூடாது. உட்சுவரில் வெட்டிய படியிலும் வைக்கக் கூடாது. நாலு சுவரும் கூரையும் உள்ள மோட்டார் அறையிலும் ஓட்டக் கூடாது. எஞ்சின் மேட்டில் இருந்தாலும், அதன் புகைக்குழாய் கிணற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் புகை உள்ளே இறங்கித் தேங்கும். உள்ளே தூர் வாருபவர்கள் இருக்கும்போது கிணற்று மேட்டில் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

ஆழக் கிணற்றுக்கு வழி இல்லையா? உண்டு. மின்சாரத்தில் இயங்கும் நீர்மூழ்கி மோட்டார் நீருக்குள்ளிருந்தே தள்ளுவதால் 10 மீட்டர் விதி அதைத் தடுப்பதில்லை. ஜெட் பம்பு, மேலிருந்து ஒரு பங்கு நீரைக் கீழே அனுப்பி, அதன் வேகத்தால் கிணற்று நீரை மேலே தள்ளுகிறது. பெட்ரோல் பம்புசெட்டின் இடம் ஆழமற்ற கிணறும், வாய்க்காலும், குட்டையுமே.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், நம் மனம் உடனே குதிக்கத்தான் சொல்லும். காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்ற செய்தி அடிக்கடி வருவதற்கு அந்த நல்ல மனமே காரணம். இறங்காதீர்கள், மற்றவரையும் இறங்க விடாதீர்கள். எஞ்சின் மேலே இருந்தால் உடனே நிறுத்துங்கள். 101 அல்லது 112-க்குச் சொல்லித் தீயணைப்புப் படையினரை வரவழையுங்கள், ஆம்புலன்சுக்கு 108. அவர்களிடம் சுவாசக் கருவி இருக்கும்.

பெட்ரோலும் சூடும்

மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றுவதில்லை. பெட்ரோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். கிணறும் ஒரு பள்ளமே என்பதை நினைவில் வையுங்கள்.

ஓடும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்தி, புகைக்குழாய் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி தீப்பொறி இன்றியே பற்றுவதற்கு சுமார் 250 முதல் 280 டிகிரி வெப்பம் போதும். ஓடி நின்ற புகைக்குழாய் அதைவிடச் சூடாக இருக்கக்கூடும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் ஆகாது. டாங்கியை வாய் வரை நிரப்பாமல் விரிவடைய இடம் விடுங்கள். குடிநீர்ப் பாட்டிலில் பெட்ரோலை வைத்தால், தாகத்தில் ஒரு குழந்தை எடுத்துவிடும்.

பராமரிப்பு

நாள்தோறும் இயக்கும் முன் எஞ்சினைச் சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். சாய்வாக வைத்தால் அளவு பொய்யாகும்; பாகங்கள் எண்ணெயின்றித் தேயும். புது எஞ்சினில் முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும், அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றுவது பெரும்பாலான சிறு நான்கு ஸ்டிரோக் எஞ்சின்களுக்குப் பொருந்தும். உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும், கரும்புகை வரும், கார்பன் மோனாக்சைடும் கூடும். ஸ்பார்க் பிளக்கின் முனைகளில் கரி படிந்தால் சுத்தம் செய்து, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். எஞ்சினில் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றிவிடுவது நல்லது. கயிற்றைத் தற்செயலாக இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது.

பருவம் முடிந்து பம்பை ஒதுக்கி வைக்கும்போது டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். தேங்கிய பெட்ரோலில் இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பம்பின் வயிற்றிலுள்ள நீரையும் வடித்துவிட்டால் துரு ஏறாது.

செய்து பாருங்கள்

1. ஒரு உறிஞ்சுகுழலில், நீர்மட்டத்துக்கு மேலே குண்டூசியால் ஒரு துளையிட்டு நீரை உறிஞ்சிப் பாருங்கள். துளையை விரலால் மூடி மீண்டும் உறிஞ்சுங்கள். பம்பின் எந்தக் கோளாறு இது?

2. உங்கள் ஊர்க் கிணற்றின் விட்டம், நீர்மட்டத்தின் ஆழம் ஆகியவற்றைப் பெரியவர் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிணற்று மேட்டில் வைத்த பம்பு அதில் நீரேற்றுமா? அதற்குள் ஒரு எஞ்சினை 15 நிமிடம் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் ஆகும்?

இரண்டாவது கணக்கின் விடையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். “கீழே இறக்கி வையப்பா” என்று யாராவது சொல்லும் நாளில், அந்த விடை ஓர் உயிரைக் காக்கும்.