உதட்டுக் கொப்புளமும் பொதுக் கிணறும்

முகாமில் இருந்த காலத்தில் பல குடும்பங்கள் ஒரே தண்ணீர்த் தாங்கியையும் ஒரே மலசலகூட வரிசையையும் பாவித்தீர்கள். ஊருக்குத் திரும்பிய பின்னும் பல இடங்களில் நாலைந்து வீட்டுக்கு ஒரு கிணறுதான். இப்படி வாழும்போது ஒருவருடைய உதட்டில் நீர்க்கொப்புளம் தெரிந்தால், "அவர் வாளியைத் தொட்டால் எங்களுக்கும் வருமா?" என்ற பயம் எழுவது இயல்பு. அந்தப் பயத்தால் சிலர் ஒதுக்கப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டிய இடமோ வேறு.

காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் கொத்தாக வரும் சிறு கொப்புளங்கள் பெரும்பாலும் ஹெர்ப்பீஸ் என்ற வைரசுக் கிருமியால் வருபவை. இது அரிதான நோய் அல்ல. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இதன் முதலாம் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பலர் சிறு வயதில், முத்தமிட்ட உறவினரிடமிருந்து பெற்றுக்கொண்டவர்கள். அநேகருக்கு அது தெரியவே தெரியாது. (இடுப்பில் அல்லது நெஞ்சின் ஒரு பக்கத்தில் பட்டையாக எழும் அக்கி வேறு. அது கொப்பளிப்பான் கிருமியால் வருவது.)

இந்தக் கிருமி தோலோடு தோல் உரசும்போதும் எச்சில் மூலமும் பரவுகிறது. உடலுக்கு வெளியே அது அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. ஆகவே கிணற்றுத் தண்ணீரால், மலசலகூடத்தால், பக்கத்தில் இருந்து கதைப்பதால், ஒரே பாயில் உட்காருவதால் தொற்றும் என்று அஞ்சத் தேவையில்லை. புண் ஈரமாக இருக்கும் நாட்களில் மட்டும் அவருடைய தேநீர்ப் பேணி, துவாய், சவர அலகு ஆகியவற்றை மற்றவர்கள் பாவிக்காமல் இருப்பது நல்லது. பேணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். அவருக்கென்று தனிக் கோப்பை ஒதுக்கி, திண்ணையில் தனியே இருத்திச் சாப்பாடு கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

கவனம் தேவைப்படுவது பச்சைக் குழந்தை விடயத்தில். பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தைக்கு இதை எதிர்க்கும் பலம் இல்லை. பெரியவருக்கு ஒரு கிழமையில் ஆறிவிடும் கொப்புளம், குழந்தைக்குப் போனால் மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரையே எடுக்கலாம். பல வருடம் பிரிந்திருந்த உறவுகள் குழந்தை பார்க்க வரும்போது அள்ளி முத்தமிட ஆசைப்படுவார்கள். உதட்டில் புண் உள்ளவர் அம்மம்மாவாக இருந்தாலும், முத்தமிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மனவருத்தம் வந்தால் வரட்டும். தாய்க்கே உதட்டுப் புண் என்றால் முத்தமிடாமல், கையைக் கழுவி, வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு பால் கொடுக்கலாம். மார்பில் புண் இருந்தால் அது ஆறும்வரை அந்தப் பக்கத்தில் கொடுக்க வேண்டாம். குழந்தையின் உடலில் நீர்க்கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிரந்தி என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது, வெளியே கதைக்கக் கூச்சப்படும் விடயம். பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பீஸ் பெரும்பாலும் இரண்டாம் வகையால் வருகிறது. உதட்டுக்குரிய முதலாம் வகையும் வாய்வழி உறவால் அங்கே போகலாம். புண் வெளியே தெரியாத நாட்களிலும் இது தொற்றக்கூடும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. புண் இருக்கும்போது உறவைத் தவிருங்கள்.

கணவனும் மனைவியும் நீண்ட காலம் பிரிந்திருந்து சேர்ந்த வீடுகளில் இந்தப் புண் பெரும் சண்டையாக மாறலாம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒருமுறை உடலுக்குள் போன கிருமி நரம்பில் ஒளிந்திருக்கும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து, களைப்பு, காய்ச்சல், மனக்கவலை, மாதவிடாய் ஆகியவற்றின்போது முதன்முறையாக வெளியே தெரியலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதைப் புண்ணைப் பார்த்து எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அதை வைத்து மனைவியையோ கணவனையோ சந்தேகிப்பது நியாயமல்ல.

கர்ப்பிணியாக இருந்து உங்களுக்கோ கணவருக்கோ இப்படிப் புண் வந்திருந்தால் குடும்பநல மருத்துவமாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்கு அண்மையில் முதன்முறையாக வந்தால் குழந்தைக்கு ஆபத்து அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர்கள் மாத்திரை கொடுத்தும், தேவையானால் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளையை எடுத்தும் காப்பாற்ற வழி உண்டு.

கிருமியை முற்றாக அகற்றும் மருந்து இல்லை. ஆனால் அசைக்குளோவிர் மாத்திரையைக் கொப்புளம் எழும் முதல் நாட்களிலேயே தொடங்கினால் புண் விரைவில் ஆறும். புண்ணைக் கிள்ளாதீர்கள். தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், வீட்டில் மிஞ்சியிருக்கும் கண் துளிமருந்தை விடாமல் கண் வைத்தியரிடம் போங்கள். சில துளிமருந்துகள் இந்த நோயை மோசமாக்கும்.

பிறப்புறுப்புப் புண்ணுக்கு அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக மருந்து பெறலாம். அங்கே உங்கள் விபரம் இரகசியமாக வைக்கப்படும். கிட்டிய நிலையம் எது என்று மாவட்ட வைத்தியசாலையிலோ மருத்துவமாதுவிடமோ கேட்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் எங்கள் பெண் சுகாதாரத் தொண்டரிடம் சொல்லுங்கள், கூட வருவார்.