எண்ணெய் நெருப்பும் கரி நெருப்பும்: இளம் பாய்லர் ஆபரேட்டருக்கு ஒரு கடிதம்

ஃபர்னஸ் ஆயிலில் ஓடும் பாய்லரில் பட்டனை அழுத்தினால் நெருப்பு அணைந்துவிடும். நிலக்கரி பாய்லரில் காற்றை நிறுத்திய பிறகும் கிரேட் எனும் கம்பித் தட்டின் மேல் கிடக்கும் கரி நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூரிலோ எண்ணெயை விட்டுக் கரிக்கு மாறும் ஆலையில் இளம் ஆபரேட்டர் புதிதாகக் கற்க வேண்டியவற்றில் பெரும்பங்கு இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கும்.

மாறுவதற்குக் காரணம் விலைதான். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அப்படி ஏறும்போதெல்லாம் முதலாளிகள் கரிக் கணக்கைக் கையில் எடுப்பார்கள். கணக்கு எளிது. ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயிலில் சுமார் 10,000 கிலோகலோரி. நடுத்தர இந்தோனேசியக் கரியில் 5,000. கரி பாய்லரின் செயல்திறனும் குறைவு. ஆக ஒரு டன் நீராவிக்கு எண்ணெய் ஏறத்தாழ 70 கிலோ, கரி 165 கிலோவுக்கு மேல். மணிக்கு 2 டன் நீராவி தரும் பாய்லர் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 8 டன் கரி தின்னும். சாம்பல் 6 சதவீதம் என்றாலும் அரை டன்னை நெருங்கும். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் மறப்பது இந்த அரை டன்னைத்தான். அதை அள்ள ஆள், ஏற்ற வண்டி, வாங்கிக்கொள்ள ஒரு செங்கல் சூளைக்காரர் என எல்லாமே செலவுக் கணக்கில் வர வேண்டும்.

கரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெற்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், வடக்கே கிருஷ்ணபட்டினம், இரண்டிலும் இறக்குமதிக் கரி இறங்குகிறது. சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது தூசித் தொல்லையால் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2011-இல் நின்று எண்ணூருக்குப் போனது. அதே தூசி இப்போது ஆலை முற்றத்துக்கு வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூரை இல்லாத கரிமேடு நனைந்து ஊறிவிடும். ஈரக்கரியில் உள்ள ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாக 600 கிலோகலோரிக்கு மேல் பிடுங்கிக்கொள்ளும். நீராவி அழுத்தம் ஏற மறுக்கும். காய்ந்து குவிந்து கிடந்தாலும் ஆபத்துதான்: இந்தோனேசியக் கரி தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கும். குவியலைத் தாழ்வாக வைப்பதும் முதலில் வந்த கரியை முதலில் எரிப்பதும் அதற்காகத்தான்.

கையால் கரி போடும் பாய்லரில் நெருப்புப் படுகை நான்கைந்து அங்குலம் இருந்தால் போதும். ஒரே மூச்சில் கூடை கூடையாகக் கொட்டினால் கரும்புகை கிளம்பும், அழுத்தம் விழும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஒரு முறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று போட வேண்டும். அடிச்சாம்பலைக் கம்பியால் மேலே கிளறிவிடக் கூடாது. சூடான அடுக்குக்கு வந்த சாம்பல் உருகி, கிளிங்கராகக் கட்டிக்கொண்டு கிரேட்டின் காற்றுவழியை அடைக்கும்.

மின்சாரம் போகும் நேரமே உண்மையான சோதனை. எண்ணெய் பாய்லரில் பர்னரும் ஃபீட் பம்ப்பும் சேர்ந்தே நிற்கும், பெரிய தொந்தரவில்லை. கரி பாய்லரில் பம்ப் நிற்கும், நெருப்பு நிற்காது. நீர் ஆவியாகிக்கொண்டே போகும், உள்ளே போவது ஒன்றுமிராது. ஆகவே ஃபீட் பம்ப்புக்கு ஜெனரேட்டர் இணைப்போ, நீராவியாலேயே இயங்கும் இன்ஜெக்டரோ இல்லாத கரி பாய்லரைப் பொறுப்பேற்கவே கூடாது. குளிர்நாட்டு வீடுகளில் எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டுக் கரி பாய்லர் வைப்போருக்கும் இதே சிக்கல் உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் மிச்சச் சூடு தானாகப் போய்ச் சேர ஒரு ரேடியேட்டரை ஒதுக்கிவைக்கிறார்கள்.

நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊதிப் பார்க்க வேண்டும். வடிகுழாயைத் திறந்தால் நீர் சீறி வெளியேற வேண்டும். மூடியதும் சட்டென்று ஏறி நிற்க வேண்டும். தயங்கித் தயங்கி ஏறினால் வழி அடைபட்டிருக்கிறது, கண்ணாடி காட்டும் மட்டம் பொய். ஊதிப் பார்த்தும் கண்ணாடியில் நீரே தெரியாவிட்டால் தண்ணீர் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. பழுக்கச் சூடேறிய தகட்டில் நீர் பட்டால் பாய்லர் வெடிக்கக்கூடும். ஃபேன்களை நிறுத்தி, ஈரச் சாம்பலை நெருப்பின்மேல் மூடி, ஆட்களை விலக்கி, பாய்லர் தானாகக் குளிரும்வரை காத்திருக்க வேண்டும். நீர்மட்டம் சரியாக இருந்தால், மின்சாரம் திரும்பியதும் முதலில் புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன், பிறகே காற்றைத் தள்ளும் எஃப்.டி. ஃபேன். இடைவேளையில் உள்ளே தேங்கிய வாயு, கதவைத் திறந்தவர் முகத்தில் பாயும்; அதை இழுத்து வெளியேற்றாமல் கதவைத் தொடக் கூடாது, தொடும்போதும் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

பழைய எண்ணெய் பாய்லரின் பர்னரைக் கழற்றி, முன்னால் செங்கல் உலை கட்டி ஓட்டுவது மலிவான வழி. ஆனால் அதன் ட்யூப்கள் தூய புகைக்காக அமைந்தவை. சாம்பல் படிய, புகைபோக்கியின் வெப்பநிலை ஏறும். 22 டிகிரி ஏறினால் எரிபொருளில் ஒரு சதவீதம் வீண் என்பது பழகிய கணக்கு. நீராவி அளவும் குறையும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் பாய்லரின் அமைப்பை மாற்றுவது 1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்திலேயே குற்றமாக இருந்தது. அதற்குப் பதிலாக 2025-இல் வந்த புதிய சட்டத்திலும் அனுமதி தேவை. எரிபொருள் மாறுவதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவையும் திருத்திப் பெற வேண்டும். தூசி பிடிக்கும் மல்டி சைக்ளோன், பேக் ஃபில்டர், புகைபோக்கியின் உயரம் எல்லாம் அங்கே கேள்விக்கு வரும்.

ஆலோசனை கேட்கப்பட்டால் ஆபரேட்டர் இன்னொரு கணக்கையும் முன்வைக்கலாம். எண்ணூரில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) முனையம் இயங்கத் தொடங்கியது; கும்மிடிப்பூண்டியும் காக்களூரும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்துக்கும் குழாய்வழி எரிவாயு உரிமம் வழங்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் பாய்லருக்கு எரிவாயு பர்னர் பொருத்துவது கரிக்கு மாற்றுவதைவிடச் சிறிய வேலை. கரிக்கெனத் தனி பாய்லர் வாங்கிப் பழையதை அப்படியே மாற்று பாய்லராக வைத்திருக்கும் ஆலைக்கு, குழாய் தன் வாசலுக்கு வரும்போது அந்த வழி திறந்திருக்கும். முன்பக்கத்தை வெட்டி உலை கட்டிவிட்ட ஆலைக்கு இருக்காது.