கோழிக்கு விற்றமினா, தடுப்பு மருந்தா?



லயத்துக்குப் பின்னால் நாலு கோழி நிற்கிற வீட்டில் பிள்ளைகளுக்கு முட்டைக்குக் குறைவில்லை, அவசரத்துக்கு ஒன்றை விற்கவும் செய்யலாம். ஒரு லயத்தில் 14 கோழி வளர்த்த அம்மாவுக்கு ஒரே கிழமையில் 2 தான் மிஞ்சின. "கடையில விற்றமின் தூள் வாங்கி தண்ணியில கலந்து குடுத்தேங்க ஐயா, அப்படியும் போயிருச்சு" என்று அழுதார். விற்றமின் கொடுங்கள் என்று முன்பு சொன்னதே நாம்தான். எதற்காக என்று விளக்காமல் விட்டது நம் குறை.

அங்கே வந்தது இராணிகெற் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த வருடம் இந்தியாவின் இராணிகெற்றிலும் கண்டதால் இரண்டு பெயரும் உண்டு. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாய் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். இது வைரஸ் நோய். வந்தபின் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை, எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

அப்படியானால் விற்றமின் எதற்கு? நோயை எதிர்த்துப் போராடும்போது உடம்பில் உண்டாகும் சில கழிவுகள் சொந்த உயிரணுக்களையே அரிக்கும், கவ்வாத்துக் கத்தியைத் துரு தின்பது போல. அந்த அரிப்பை விற்றமின் ஈ, சீ தடுக்கும். விற்றமின் ஏ தொண்டை, குடல் உட்தோலைப் பலமாக வைத்திருக்கும். அது குறைந்த குஞ்சை இந்த நோய் இன்னும் கடுமையாகத் தாக்கும். சத்துள்ள கோழிக்குத் தடுப்பு மருந்தும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வைரஸைக் கொல்வது விற்றமினின் வேலையல்ல.

இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. காரைதீவு, நிந்தவூர்ப் பக்கம் வளவில் நிற்கும் முருங்கை இலையே போதும். மலையில் நமக்குப் பொன்னாங்காணி, கீரை, தோட்டத்துக் கரட் இலை இருக்கிறது. முளைவிட்ட நெல்லும் நல்லது. காறல் வாடை வீசும் பழைய தவிட்டைப் போடாதீர்கள், அதில் விற்றமின் ஈ அழிந்திருக்கும். விற்றமின் சீயைக் கோழி தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். கரையோரத்தில் கச்சான் காற்று வீசி, கோழி வெக்கையில் இளைக்கும் காலத்தில்தான் அதைத் தண்ணீரில் கொடுப்பது உதவும்.

காப்பது தடுப்பு மருந்துதான். கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஆரோக்கியமான கோழிக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு விடுவதானால் பொழுதுபட்டு கோழி அடைந்தபிறகு பிடிப்பது இலகு. குடிதண்ணீரில் கலப்பதானால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, மருந்து செத்துவிடும். பலன் தெரிய ஒன்று, இரண்டு கிழமை செல்லும். சில மாதங்களுக்கொருமுறை திரும்பவும் கொடுக்க வேண்டும்.

சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமையாவது தனியாகக் கட்டி வையுங்கள். செத்ததை ஓடையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். நோய்க் கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் நமக்கும் கண் சிவக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு குப்பி மருந்து 100 கோழிக்கு மேல் போதும், உடைத்தால் அன்றே முடிக்க வேண்டும். ஆகவே ஒரு வீட்டுக்காக வாங்கினால் வீண். லயத்து வீடுகள் எல்லாம் கோழிக் கணக்கை எழுதி நம்மிடம் தாருங்கள், ஒரே நாளில் போட்டுவிடலாம்.